விளக்கு மாறினால் பிரியும் நிறம்

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையின் லேபுக்குள் போனாலும், உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறம் பூசி முன்பக்கம் திறந்துவிட்ட ஒரு பெட்டி இருக்கும். லைட் பாக்ஸ் என்பார்கள். அதன் மேற்பகுதியில் நாலைந்து வகை விளக்குகள்: பகல் வெளிச்சத்துக்கு நிகராக வைத்துக்கொண்ட டி65, ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கான டிஎல்84, குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், கடைசியாகப் புற ஊதா விளக்கு. ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய துணித்துண்டையும், அதற்கு ஈடாக லேபில் முக்கியெடுத்த லேப் டிப்பையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து உள்ளே வைப்பார்கள். நேவி ப்ளூ என்று வைத்துக்கொள்வோம். டி65 வெளிச்சத்தில் இரண்டும் ஒரே துணியிலிருந்து வெட்டியவைபோல இருக்கும். சேர்ந்த கோடுகூடத் தெரியாது. சுவிட்சைத் தட்டி டிஎல்84-க்கு மாற்றியதும் கோடு தெரிந்துவிடும். ஒரு துண்டு அப்படியே நிற்க, மற்றது சிவப்படிக்கும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். உடனே ரெசிப்பியை மாற்றுவார்கள், வேறு சாயம் சேர்ப்பார்கள், திரும்ப முக்குவார்கள். தொழிலில் இது சாயத்தின் குறை. தொழிலுக்கு அந்தத் தீர்ப்பு போதும். ஆனால் முதல் விளக்கில் இரண்டு துண்டும் ஒன்றாகத் தெரிந்ததே, அந்தப் பிழை துணியில் நடக்கவில்லை. பார்த்தவரின் கண்ணில் நடந்தது. கண் எப்படி உருவானது என்ற பழைய வழக்கில் இந்தச் சாம்பல் பெட்டியையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது என் வாதம்.

அதே லேபில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவியும் இருக்கும். துணியிலிருந்து திரும்பும் ஒளியை அது அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கிறது. 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை, பத்துக்கு ஒன்றாக எடுத்தால் 31 அளவுகள் கிடைக்கும். நம் கண்ணுக்குக் கிடைப்பவை மூன்றே மூன்று. விழித்திரையில் நிறம் காண உதவும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் ஒளிக்கு அவை ஒவ்வொன்றும் அதிகமாக விழித்துக்கொள்கின்றன. ஒரு கூம்புச் செல்லுக்குத் தன்மேல் விழுந்த ஒளி எந்த அலைநீளம் என்று சொல்லத் தெரியாது. எவ்வளவு பிடித்தேன் என்று மட்டுமே அது சொல்லும். மூன்று வகைச் செல்களும் சொல்லும் மூன்று எண்ணிக்கைகளை ஒப்பிட்டு, இது கத்தரிப்பூ நிறம், இது கிளிப்பச்சை என்று மூளை முடிவு கட்டுகிறது. ஆகவே, 31 அளவுகளிலும் வேறுபடும் இரண்டு துணிகள், கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதே மூன்று எண்ணிக்கையைத் தந்துவிட முடியும். அப்போது அவை நமக்கு ஒரே நிறம். விளக்கை மாற்றினால் துணியிலிருந்து திரும்பும் ஒளியின் கலவை மாறுகிறது, எண்ணிக்கைகள் பிரிகின்றன, குட்டு வெளிப்படுகிறது. லைட் பாக்ஸ் நமக்குத் தேவைப்படுவதே நம் கண் மூன்று எண்ணிக்கையோடு நின்றுவிட்டதால்தான்.

ஏன் மூன்றோடு நின்றது? பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புச் செல்கள். அவற்றின் முன்னால் நிறமேறிய எண்ணெய்த் துளிகள் வேறு, வடிகட்டிபோல நின்று நிறங்களை இன்னும் கூர்மையாகப் பிரித்துக் கொடுக்கின்றன. கிளிக்கு நான்காவது வகை புற ஊதாவைக் காண்கிறது. நம் கண்வில்லையோ புற ஊதாவை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. வெள்ளை பனியனுக்குப் பளிச்சென்ற வெண்மை வர ஆப்டிகல் பிரைட்னர் போடுகிறார்களே, அது புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தரும் சரக்கு. நம் கண்ணுக்குக் கூடுதல் வெண்மையாகத் தெரியும் அதே பனியன், மொட்டை மாடிக் கொடியில் வந்து உட்காரும் கிளிக்கு ஒரு நிறம் உறிஞ்சப்பட்டுக் குறைந்த துணி. வெண்மை என்பது துணியின் குணம் என்று நினைத்திருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மீன், பல்லி, பறவை என முதுகெலும்புள்ள உயிர்கள் பலவற்றுக்கும் உள்ள அந்த நான்கு நம் பாலூட்டி முன்னோருக்கும் ஒருகாலத்தில் இருந்தவைதாம். டைனோசர்கள் பகலை ஆண்ட நெடுங்காலம், பாலூட்டிகள் இரவில் ஒளிந்து நடமாடிய சிற்றுயிர்களாக இருந்தன. இருட்டில் நிறத்துக்கு வேலை இல்லை. பயன்படாத மரபணு பழுதானாலும் அதைச் சுமப்பவருக்கு நட்டம் இல்லாததால், பழுது அப்படியே வழிவழியாகத் தங்கிவிட்டது. நாய்க்கும் மாட்டுக்கும் இன்று இரண்டு வகைதான். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடம், ஏறத்தாழ 3 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு இரட்டித்தது. இரண்டு நகல்களும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒன்று சிவப்புப் பக்கமும் மற்றது பச்சைப் பக்கமும் நின்றன. பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையும் செந்தளிரையும் கண்டுகொள்ள இது உதவியிருக்கும் என்பது பலர் ஏற்கும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. இரட்டிப்பு நடந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு மரபணுக்களும் இன்றும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. 1986-இல் ஜெர்மி நேதன்ஸும் கூட்டாளிகளும் அவற்றைப் பிரித்துப் படித்தபோது, அவை உருவாக்கும் புரதங்கள் நூற்றுக்கு 96 பங்கு ஒன்றாகவே இருந்தன. இவ்வளவு ஒத்த இரண்டு பக்கத்து மரபணுக்கள் கருமுட்டை உருவாகும்போது இடம் மாறிச் சேர்ந்துவிடுவது எளிது. அப்படிச் சேர்ந்தால் ஒன்று காணாமல் போகும், அல்லது இரண்டும் கலந்த ஒன்று உண்டாகும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஈடுகட்ட இன்னொன்று இல்லை. சிவப்பு-பச்சை நிறக்குறை ஆண்களிடம் அதிகமாக இருப்பது இதனால்தான். சாயத் தொழிலில் ஷேடு பார்ப்பவரின் கண்ணைச் சோதிக்க ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் 100 சோதனை என்று ஒன்று உண்டு. பெயரில் நூறு இருந்தாலும் நான்கு தட்டுகளில் 85 நிறவட்டுகள். அவற்றை நிற வரிசைப்படி அடுக்க வேண்டும். அடுக்குகிறவரின் கை தடுமாறும் இடங்களில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மரத்துக் குரங்கின் மரபணு இரட்டித்ததன் தடம் இருக்கலாம்.

கண்ணைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவது பழைய வழக்கம். 1802-இல் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி, தொலைநோக்கியையும் கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்குச் செய்தவன் இருந்தால் மற்றதற்கும் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்டார். கேள்வி வலுவானது; டார்வினே அதை மதித்தார். 1859-இல் வெளிவந்த தன் நூலில், கண் இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது முதற்பார்வைக்கு அபத்தமாகத் தோன்றும் என்று ஒப்புக்கொண்டுதான் பதிலைத் தொடங்கினார். திருப்பூர்க்காரர்களுக்குப் பேலியின் கேள்வியை இன்னும் துல்லியமாகக் கேட்கத் தெரியும். இங்கே ஒரு டி-ஷர்ட் கப்பலேறுவதற்கு முன் அப்ரூவல் சாம்பிள் வேண்டும். கழுத்து அளவு, தையல் எண்ணிக்கை, ஷேடு எல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்கும். செக்கிங்கில் ஒவ்வொரு பீஸையும் அந்தச் சாம்பிளோடு ஒப்பிடுவார்கள். கண்ணுக்கு அப்படி ஓர் அப்ரூவல் சாம்பிள் இருந்ததா? இருந்திருந்தால் ஒவ்வொரு உயிரிலும் வேலை அதை நோக்கியே நடந்திருக்க வேண்டும். கொடுத்த நான்கில் இரண்டைத் தொலைத்துவிட்டு, பிறகு மிஞ்சியதில் ஒன்றையே இரட்டித்து ஒட்டுப்போட்டிருக்கத் தேவையில்லை. இயற்கைத் தேர்வில் ஒப்பீடு உண்டு. ஆனால் முன்மாதிரியோடு இல்லை. பக்கத்தில் வாழும் இன்னொரு உயிரோடு. நிழல் விழுந்ததை இது கொஞ்சம் முன்னால் கண்டதா, அது கொஞ்சம் பின்னால் கண்டதா, அவ்வளவுதான். எல்லாம் தற்செயல் என்றால் இவ்வளவு நுட்பம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். மாற்றம் தோன்றுவது எந்த நோக்கமும் இல்லாமல். எது தங்குவது என்பது தற்செயலாக நடப்பதில்லை.

அரைக் கண்ணால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: கண் என்பது இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் ஒன்றும் இல்லை. நம்மிடமும் அந்த எண்ணம் பழையது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு படிகளில் வகைப்படுத்துகிறது. தொடுதல், சுவை, மோப்பம் என்று ஏறி, நான்காம் படியில்தான் கண் வருகிறது. நத்தையினம் இரண்டாம் படியில், கறையானும் எறும்பும் மூன்றாம் படியில், நண்டும் தும்பியும் நான்கில். உயிர்களைக் கூர்ந்து பார்த்து, புலன்களைக் கொண்டு வரிசைப்படுத்திய அந்த முயற்சியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கண் அங்கே முழுசாக ஒரே படியில் வந்து இறங்குகிறது. வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

திருப்பூரின் வடபுறம், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி, நல்லாற்று நீர் வந்து தேங்கும் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 125 ஹெக்டேர். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவை பார்க்கப் போகிறவர்கள் தொலைநோக்கியோடு தூரத்தைப் பார்க்கிறார்கள். இதுபோன்ற குளத்தின் கரையிலேயே குனிந்து பார்த்தால் கண்ணின் படிகள் பலவும் கிடைக்கும். பச்சை நீரில் மிதக்கும் யூக்ளினா ஒற்றைச் செல் உயிர். அதில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று, ஒளி உணரும் இடத்துக்கு ஒரு பக்கம் மறைப்பாக நிற்கிறது. வெளிச்சம் எந்தத் திசை என்று அறிய அது போதும். கல்லுக்கு அடியில் ஊரும் தட்டைப்புழு பிளனேரியாவின் தலையில் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள். வில்லை இல்லை, உருவம் தெரியாது; ஆனால் வெளிச்சம் வரும் பக்கத்தைவிட்டு விலகி நிழலுக்குள் போய்விட முடிகிறது. தொல்காப்பியத்தில் கண்ணில்லாத படியில் இருக்கும் நத்தையை நீரோடு ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஓட்டிலிருந்து அது தலையை நீட்டும்வரை பொறுமையாக இருந்தால், உணர்கொம்பின் அருகே குட்டைக் காம்பு தெரியும். அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி. அது கண்; ஆப்பிள் நத்தைக்கு அதற்குள் வில்லையும் உண்டு. தண்ணீருக்கு மேலே பறக்கும் தும்பிக்குச் சில இனங்களில் 28,000 வரை சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண். மீனுக்கு உருண்டையான வில்லை, ஏனென்றால் நீருக்குள் கருவிழியால் ஒளியை வளைக்க முடியாது. காற்றில் பார்க்கும் நமக்குக் கருவிழியே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகிறது. நீரிலும் காற்றிலும் வாழும் நீர்க்காகம் முங்கியதும் தன் வில்லையையே அழுத்திப் பிதுக்கிப் பார்வையைச் சரிசெய்துகொள்கிறது. இவற்றில் எது அரைக் கண்? பிளனேரியாவுக்கு அதன் கிண்ணம் முழுக் கண்தான்.

இந்தப் படிகளுக்கு இடையே காலம் போதுமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்-எரிக் நில்சனும் சூசன் பெல்கரும் 1994-இல், ஒளி உணரும் தட்டையான தோல் பட்டையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் 1 விழுக்காடு மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றமும் முந்தையதைவிடக் கொஞ்சமாவது தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கணக்கிட்டார்கள். மீனின் கண்போன்ற ஒன்றை அடைய 1,829 அடிகள். வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக் கணக்கிட்டும், 3,64,000 தலைமுறைகளுக்குள் முடிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் நான்கு லட்சம் ஆண்டுகூட இல்லை. விலங்கினங்கள் பல்கிப் பெருகிய கேம்ப்ரியன் காலம் தொடங்கியோ 54 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும்: ஒளி உணரும் செல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது, வடிவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கண்ணின் வேதியியல் எங்கிருந்து வந்தது என்பது அதற்குள் இல்லை.

கூர்மையான எதிர்ப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. இன்று வாழும் உயிர்களை வரிசையாக நிறுத்திவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று ஆகிவிடுமா? ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அடுக்கிய பனியன்கள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தவையா? சரியான கேள்வி. வரிசை மட்டும் நிரூபணம் ஆகாது. ஒவ்வொரு படியும் வாழத் தகுந்தது என்பதை மட்டுமே அது காட்டும். வம்சாவழிக்குச் சான்று கண்ணுக்குள் இருக்கும் பொருள்களில் இருக்கிறது. வில்லை கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் கிரிஸ்டலின் என்ற புரதங்கள். புதிதாகச் செய்கிறவர் வில்லைக்கென்றே ஒரு புரதத்தைச் செய்திருப்பார். நம் வில்லையில் இருக்கும் ஆல்பா கிரிஸ்டலினோ, செல்கள் வெப்பத்தால் கெடாமல் காக்கும் பழைய புரதக் குடும்பத்தின் உறுப்பினர். வாத்தின் வில்லையில் பெருமளவில் இருப்பது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ். தசையிலும் குருதியிலும் சர்க்கரையை எரிக்கும் வேலையில் இருக்கும் அதே நொதி. வேறு வேலைக்கு இருந்த சரக்கு, தெளிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே அதிகமாகக் குவிக்கப்பட்டிருக்கிறது. 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் குழு, எலியின் கண் உருவாகத் தேவையான மரபணுவை ஈயின் உடலில் வேறோர் இடத்தில் தூண்டிவிட்டது. அந்த இடத்தில் கண் முளைத்தது. எலிக்கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண். எலியும் ஈயும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இங்கே கண் செய் என்ற உத்தரவு இருவருக்கும் இன்னும் ஒரே மொழியில் இருக்கிறது. அளவு வேறான பனியன்களுக்குள் இப்படிப்பட்ட உறவு எதுவும் இருக்காது.

ஆக்டோபஸ் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் வெளித்தோற்றம் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உள்ளே வித்தியாசம். அதற்கு நரம்புகள் விழித்திரையின் பின்புறமாகப் போகின்றன. நமக்கு முன்புறம் படர்ந்து, ஓரிடத்தில் துளையிட்டுக்கொண்டு பின்னால் போகின்றன; அந்தத் துளைதான் குருட்டுப்புள்ளி. இதைக் கோளாறு என்று சொல்வதற்கும் மறுப்பு வந்தது. விழித்திரையில் உள்ள முல்லர் செல்கள் ஒளியிழைபோல வேலைசெய்து, குறுக்கே நிற்கும் அடுக்குகளைத் தாண்டி ஒளியைக் கொண்டுசேர்க்கின்றன என்று 2007-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். இந்தக் கண்டுபிடிப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். கண் மட்டமானது என்று காட்டுவது என் நோக்கமே இல்லை. தலைகீழாகத் தொடங்கிவிட்ட ஒரு அமைப்பைத் திருப்பிவைக்க வழியில்லாமல், அதற்குள்ளேயே நேர்த்தியான சரிசெய்தல்கள் சேர்ந்திருக்கின்றன. திருப்பிவைக்க முடியாமல் போனதும் சரிசெய்ய முடிந்ததும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். பார்வை பயன்படாத இடத்தில் அந்த வரலாறு பின்னோக்கியும் போகும். கேரளத்தில் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்து, 1950-இல் பெயரிடப்பட்ட ஹோராக்லானிஸ் கிருஷ்ணாய் என்ற சிறு கெளுத்தி நிலத்தடி நீரில் வாழ்கிறது. அதற்குக் கண்ணே இல்லை.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் என்ன மாறும் என்று கேட்கலாம். மாற வேண்டிய ஓர் இடம் செக்கிங் டேபிள். பனியன் கம்பெனிகளில் ட்யூப் லைட்டுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், நீடில் லைன் என்ற ஊசித்தடம், ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல் என்று பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. நாற்பதைத் தாண்டும்போது கிட்டத்தில் இருப்பது கலங்கத் தொடங்கும். வெள்ளெழுத்து, சாளேசரம் என்று நம்மிடம் இதற்குப் பழைய பெயர்களே உண்டு. வில்லை வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக வளர்கிறது. அதன் நடுவில் இருக்கும் புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை, அவை புதுப்பிக்கப்படுவதில்லை. இறுகிப்போகின்றன. ஏன் இயற்கைத் தேர்வு இதைச் சரிசெய்யவில்லை? பிள்ளை பெறும் வயது கடந்து வரும் குறைகளைக் களையும் வலு தேர்வுக்குக் குறைவு என்று உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952-இல் வெளியான உரையில் விளக்கினார். வெள்ளெழுத்துக்கும் அந்த விளக்கம் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். ஒருநாள் முழுக்க ஒரு முழத் தூரத்தில் ஊசித்தடம் தேடும் வேலைக்காக எந்தக் கண்ணும் எந்தக் காலத்திலும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆகவே நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் விட்டுவிட்ட தையலைக் கவனக்குறைவு என்று எழுதிவைப்பது தவறான தீர்ப்பு. கண் கெட்டுவிட்டது, இனி வேலைக்கு ஆகாது என்று நிறுத்துவது அதைவிடத் தவறு.

இதற்கு மருந்து எளியது, விலையும் குறைவு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி கொடுத்ததால் அவர்களுடைய உற்பத்தித்திறன் சுமார் 22 விழுக்காடு கூடியது. இலை பறிப்பதைவிட நுணுக்கமாகக் கண்ணை நம்பியிருப்பது செக்கிங் வேலை. சாயப்பட்டறைகள் ஷேடுக்காக லைட் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கின்றன. கண்ணின் எல்லையைக் கருவியால் ஈடுகட்ட வேண்டும் என்பதைத் தொழில் அங்கே ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், நாற்பதைத் தாண்டிய தங்கள் செக்கிங் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் சோதனை நடத்தி, சம்பளத்தில் பிடிக்காமல் ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.